பெட்டி வரலைங்க: பக்கத்து மால் தியேட்டருக்கு ஒரு பழைய ஆபரேட்டர் போடும் மார்க்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு மால். அதன் மேல்மாடியில் நாலைந்து ஸ்கிரீன். படம் காட்டுகிற வேலையில் இவர்களிடம் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். லேம்ப்பின் ஆயுள் முடிந்த பிறகும் அதையே ஓட்டிக் காசு மிச்சம் பிடிக்கிற பழக்கம் இங்கே இல்லை. 3டி படத்துக்காகப் புரொஜெக்டரில் மாட்டின கண்ணாடியைக் கழற்றாமல் அடுத்த 2டி படத்தையும் இருட்டடித்துவிடுகிற சோம்பேறித்தனமும் இல்லை. சத்தம்? டால்பி பெட்டியில் 7 என்பதுதான் படம் எடுத்தவர்கள் நினைத்த அளவு. பல ஊர்களில் ஸ்பீக்கர் போய்விடும் என்று 5க்கு இறக்கி வைப்பார்கள், பின்வரிசையில் வசனம் காதில் விழாது. இங்கே இறக்குவதாகத் தெரியவில்லை. சீட்டு முதுகைத் தாங்குகிறது, கழிப்பறை சுத்தம். பாப்கார்ன் விலை எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விடுங்கள்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். 1981இல் டவுனில் ஒரு தனித் தியேட்டரில் பூத் பையனாகச் சேர்ந்தவன். கார்பன் குச்சி மாற்றினேன், ரீல் சுற்றினேன், லைசென்ஸ் எடுத்து ஆபரேட்டர் ஆனேன், கடைசிப் பன்னிரண்டு வருடம் மேனேஜர். அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. எங்கள் வீட்டம்மா அங்கே புடவை எடுக்கப் போனால் நான் மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன். பூத் இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. டக்ட் போகிறது.

அடிதடிப் படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் எல்லாத் தியேட்டரும் நல்ல தியேட்டர்தான். வம்புப் படம் வரும்போது பார்க்க வேண்டும். அந்த விஷயத்தில்தான் இந்த மால்காரர்கள்மேல் எனக்குக் கோபம்.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. 'தி கேரளா ஸ்டோரி' சாயங்காலக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தேன். படம் பிடிக்கும் என்று நினைத்துப் போட்டதில்லை. கேரளாவில் மதம் மாற்றி ஐ.எஸ். இயக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள் 32,000 பெண்கள் என்று டீசரில் போட்டுவிட்டு, ஆதாரம் எங்கே என்று ஊரே கேட்டதும் அதை மூன்று பெண்கள் என்று மாற்றிய படம் அது. அப்படி என்னதான் எடுத்திருக்கிறார்கள், நாமே பார்த்துவிடுவோமே என்றுதான். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் படம் காட்டினவனுக்கு இந்த அரிப்பு போகாது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. காட்சி ரத்து, பணம் திரும்ப வரும். காரணம் ஒரு வரிகூட இல்லை. சரி, நேரில் கேட்போம் என்று கிளம்பினேன். மால் வாசலில் போலீஸ் வேன். மேலே டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி, "டெக்னிக்கல் ரீசன் சார்" என்றாள். என்ன டெக்னிக்கல், கீ வரலையா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் படச்சுருள் பெட்டியில் வரும். டிஜிட்டல் படத்துக்கு இப்போது ஒரு பூட்டுச் சாவி மாதிரி கோப்பு வரும், அது வந்தால்தான் சர்வர் படத்தைத் திறக்கும். இந்த ஆள் எதற்கு இதையெல்லாம் கேட்கிறான் என்று அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சார், கீ வரல" என்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அதே ஸ்கிரீனில் அதே படம் ஓடியிருக்கிறது! வெள்ளிக்கிழமை வந்த சாவி ஞாயிற்றுக்கிழமை எப்படித் தொலையும்?

மறுநாள் பேப்பரில் விவரம் வந்தது. தமிழ்நாடு முழுக்க மல்டிபிளெக்ஸ்காரர்கள் அந்தப் படத்தை நிறுத்திவிட்டார்கள். சட்டம் ஒழுங்கு ஒரு காரணம், படத்துக்கு வரவேற்பு இல்லை என்பது இன்னொன்று.

சட்டம் ஒழுங்கு எனக்குப் புரிகிறது. 'வரவேற்பு இல்லை'தான் தொண்டையில் சிக்குகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆப்பில் சீட் மேப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி, உண்மைதான். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வந்து ஒரு வாரமே ஆகியிருந்த நேரம், ஊரே அங்கே இருந்தது. ஆனால் கலெக்சன் இல்லாத படத்தைத் தியேட்டர்காரன் எப்படித் தூக்குவான் தெரியுமா? முதலில் சின்ன ஸ்கிரீனுக்கு மாற்றுவான். அப்புறம் நாலு காட்சியை ஒன்றாக்கிக் காலைக் காட்சியில் தள்ளுவான். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வரும்போது சத்தமில்லாமல் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எவனும் தூக்க மாட்டான். வாரத்திலேயே பெரிய டி.சி.ஆர்., அதாவது அன்றைய வசூல் கணக்கு, எழுதுகிற நாள் அது. எவ்வளவு மட்டமான படத்துக்கும் அன்றைக்கு நாலு குடும்பம் வரும். போகட்டும், சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள தியேட்டர்களில் கலெக்சன் ஒரே நாளில் பேசி வைத்த மாதிரியா படுக்கும்?

என் பழைய சிநேகிதர் ஒருவர் விநியோகஸ்தரிடம் ரெப்பாக இருந்தவர். ஊர் ஊராகப் போய்த் தியேட்டரில் உட்கார்ந்து டிக்கெட் எண்ணுகிற வேலை. அவரிடம் இதைச் சொன்னேன். "ஏனுங், பெட்டி வரலைன்னு நீங்க எத்தனை தடவை போர்டு எழுதியிருப்பீங்க?" என்றார்.

எழுதியிருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு படம், பெயர் வேண்டாம். ஒரு கூட்டம் வந்து முதலாளியிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். "கண்ணாடியெல்லாம் புதுசா மாட்டியிருக்கீங்க போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கால்மணி நேரத்தில் என் கையாலேயே கரும்பலகையில், 'பெட்டி வராததால் இன்று காட்சிகள் இல்லை' என்று எழுதி வெளியே வைத்தேன். பெட்டி மாடியில் என் ஸ்டூலுக்குக் கீழே இருந்தது. சைக்கிளில் வந்த ஜனம் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனதை பூத் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

முதலாளி கோழை இல்லை, அவருடைய கணக்கு அப்படி. போஸ்டர் பெட்டிக் கண்ணாடி உடைந்தால் படம் எடுத்தவன் தரமாட்டான், உடைத்தவனும் தரமாட்டான். அதைவிடப் பெரிய விஷயம் லைசென்ஸ். தமிழ்நாட்டில் தியேட்டருக்கு லைசென்ஸ் தருவது மாவட்ட ஆட்சியர். 1955ஆம் வருட சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி, அமைதி கெடும் என்று தோன்றினால் ஒரு படத்தை நிறுத்திவைக்கிற அதிகாரமும் அவரிடம்தான். ரெண்டும் ஒரே மேஜை. அந்த மேஜையிலிருந்து யாராவது போன் பண்ணி, "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றால் போதும், பெட்டி வராது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் போர்டு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு தீர்ப்பே சொன்னது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம், இடஒதுக்கீடு பற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்துவிட்டது. 1989 மார்ச் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஊர்வலம் போவோம், கலாட்டா செய்வோம் என்று மிரட்டுவதற்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று எழுதினார்கள். அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் முதலாளி பேப்பரில் அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, கண்ணாடிக்கு யாரு?" என்றார்.

2013இல் 'விஸ்வரூபம்' வந்தது, அல்லது வரவில்லை. முதலில் டி.டி.எச்.சில் போடப் போகிறேன் என்று கமல் சொன்னதற்காகத் தியேட்டர்காரர்கள் முறைத்தார்கள். அது தீர்ந்து ஜனவரி 25 என்று நாள் குறித்தால், முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததால் 23ஆம் தேதியே அரசு இரண்டு வாரத்துக்குத் தடை. மாவட்டம் மாவட்டமாக ஆட்சியர்கள் 144 போட்டார்கள். தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 31ஆம் தேதி முதல்வர் ஜெயலலிதா பத்திரிகையாளர்களைக் கூட்டி, 524 தியேட்டர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க 56 ஆயிரத்துக்கும் மேல் போலீஸ் வேண்டும், எங்கே போவது என்று கேட்டார்.

நானும் ரெப் சிநேகிதரும் உக்கடத்தில் பஸ் ஏறிப் பாலக்காடு போய்விட்டோம். வாளையார் தாண்டினால் அதே படத்துக்குத் தடை இல்லை. தியேட்டர் வாசலில் நின்ற பைக்குகளில் பாதி டி.என். 37, டி.என். 38, டி.என். 66. முன்னால் நின்ற பையன் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்களும் நம்மூரா?" என்றான். மலையாளி போலீஸ்காரர் எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிப்ரவரி 7ஆம் தேதி, சில இடங்களில் சத்தத்தை அடைத்த பிறகு, இங்கேயும் வந்தது. மறுபடி பார்த்தேன்.

அந்தத் தடை சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. உத்தரவு என்று ஒரு காகிதம் இருந்தது. அதில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடிந்தது, ஜெயிக்கவும் தோற்கவும் முடிந்தது. 2023இல் அந்தக் காகிதமே இல்லை. அந்த வாரம் மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் படத்துக்கு வரிவிலக்கு, மேற்கு வங்கத்தில் தடை. நாம் மட்டும் தடையும் போடவில்லை, படத்தையும் ஓட்டவில்லை. மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வங்காளத் தடையை நிறுத்திவைத்தது. 32,000 என்ற எண்ணுக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்று படத்தில் போடச் சொன்னது. தமிழ்நாட்டு அரசு நாங்கள் தடை செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டதால், இங்கே நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. தியேட்டருக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்பதோடு முடிந்தது. இந்த மாலுக்கு அந்தப் படம் திரும்ப வரவே இல்லை.

அதே 2013 ஆகஸ்டில் ஈழப் போரைப் பற்றிய 'மெட்ராஸ் கஃபே'க்கும் இதுதான் நடந்தது. தணிக்கை முடிந்த படம், நம் தியேட்டர்களில் ஓடவில்லை. அந்தப் படத்துக்கு எதிராக நின்றவர்களின் கோபம் வேறு, அந்தக் கோபத்தில் எனக்கும் பாதி பங்கு உண்டு. ஆனால் என் கோபத்துக்காக நானே போகாமல் இருந்துகொள்வேன். என் சார்பில் தியேட்டர்காரர் முடிவெடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்துப் படம், அந்தப் பக்கத்துப் படம் என்று மால்காரர் பார்க்கிறார் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவருக்கு அந்தக் கொள்கையெல்லாம் கிடையாது. வாசலில் யார் வந்து நிற்க முடியும் என்பது ஒன்றுதான் அவர் கணக்கு.

விமர்சகர்களை இவ்வளவு லேசாக விட மனசில்லை. அவர்களுக்குக் கண்ணாடி உடையாது. 'தி கேரளா ஸ்டோரி' வந்த அன்று ராத்திரி கிடைத்த விமர்சனங்களையெல்லாம் படித்தேன், யூடியூபில் கேட்டேன். ஒருவர் நீளமாகத் திட்டியிருந்தார். அதில் கேமராவைப் பற்றி ஒரு வரி இல்லை, நடிப்பைப் பற்றி அரை வரி. இன்னொருவர் கண்ணீர் மல்கப் புகழ்ந்தார், அதிலும் இல்லை. இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்களா, தங்களைப் பின்தொடர்கிறவர்களைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. தலைப்பைப் படித்தாலே மார்க் எத்தனை என்று சொல்லிவிடலாம்.

இதுவும் புதுசு இல்லை. 'பராசக்தி' வந்தபோது தினமணி கதிர் 'பரப்பிரம்மம்' என்று தலைப்பு வைத்துக் கிண்டலாக விமர்சனம் எழுதியது. அதே பெயரில் கருணாநிதி ஒரு நாடகம் போட்டுப் பதில் சொன்னார். திட்டினவன் தலைப்பையே பிடுங்கிக் கொட்டகையில் மாட்டுகிற தெம்பு அன்றைக்கு இருந்தது. இப்போது தெம்பு வேறு மாதிரி இருக்கிறது. 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று வழக்கும் போட்டார்கள், உயர் நீதிமன்றம் அந்தத் தடையைக் கொடுக்கவில்லை. எங்கள் மாலில் மைக் பிடித்த பையன்களை அப்போதே கீழே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இப்போது பஸ் ஸ்டாப் நிழற்குடையில் நின்று, "அங்கிள், படம் எப்படி?" என்கிறார்கள். போன மாதம் என்னையும் கேட்டான் ஒருவன். லென்ஸ் நல்லா துடைச்சிருக்காங்க தம்பி என்றேன். மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

'தி கேரளா ஸ்டோரி'யைக் கடைசியில் எங்கே பார்த்தேன் என்றால், தூர்தர்ஷனில். 2024 ஏப்ரல் 5, ராத்திரி 8 மணி, தேர்தல் நேரம். வரவேற்பு இல்லை என்று மாலில் எடுத்த படத்தை அரசாங்க டி.வி. வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. எங்கள் வீட்டம்மா பாதியில் எழுந்து தோசை ஊற்றப் போய்விட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவர் கெட்டவர் என்று முதல் ரீலிலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் பயமுறுத்திக்கொண்டே போகிறது. நிதானமாகச் சந்தேகப்பட ஒரு காட்சிகூட விடவில்லை. 2025 ஆகஸ்டில் அதன் இயக்குநருக்குத் தேசிய விருது என்று அறிவித்தார்கள். அதை என்ன சொல்ல! ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்கிற உரிமை அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.

இன்னொரு குறை, இது வேறு ரகம். 2025 மார்ச் கடைசியில் 'எம்புரான்' இதே மாலில் பார்த்தேன். அடுத்த வாரம் தங்கை மகன் ஊரிலிருந்து வந்தான், அவனோடு மறுபடி போனேன். முதல் தடவை வில்லன் பெயர் பஜ்ரங்கி. இரண்டாம் தடவை பல்தேவ்! எனக்கு வயசாகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தயாரிப்பாளர்களே 24 இடங்களில் வெட்டிப் புதுப் பதிப்பு அனுப்பியிருக்கிறார்கள். தணிக்கை முடித்து ஓடிக்கொண்டிருந்த படம். மால் வாசலில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை, ஆப்பிலும் ஒரு வார்த்தை இல்லை, டிக்கெட் விலை அதே விலை. சோப்புக்கட்டியில் பத்து கிராம் குறைத்தால்கூட உறையில் எடையை மாற்றி அச்சடிக்கிறார்கள்.

அன்றைக்கு மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன். முப்பது வயது இருக்கும், நல்ல பையன். பழைய தியேட்டர் மேனேஜர் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொன்னார்.

"ஐயா, எங்களுக்கே ராத்திரிதான் மெயில் வரும். கீழே எழுதி ஒட்டினா, ஏன் ஒட்டினீங்கன்னு ஒரு குரூப், எதுக்கு வெட்டினீங்கன்னு ஒரு குரூப். ஒட்டாம இருந்தா யாரும் கேக்கறதில்லைங்க."

"நான் கேக்கறேனே தம்பி."

"நீங்க ஒருத்தர்தாங்க ஐயா."

அதற்கு மேல் என்ன பேச? பெட்டி வராத என் பழைய கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, "சரிங்க, இதுக்கு என்ன எழுதறது, நீங்களே சொல்லுங்க" என்றார். 'இப்படத்தின் திருத்திய பதிப்பு இன்று முதல் திரையிடப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "மேலிடத்துல கேட்டுட்டு ஒட்டறேங்க" என்றார். அடுத்த தடவை போனபோது ஒட்டியிருக்கவில்லை, படமும் மாறிவிட்டது.

சரி, மார்க் போட்டுவிடுகிறேன். படம் காட்டுவதற்கு ஐந்துக்கு நாலரை. சத்தத்துக்கு ஐந்தும். சீட்டுக்கு நாலு. ஆப்புக்கு மூன்று, ரத்தான காட்சிக்கு டிக்கெட் பணம் நாலே நாளில் வந்தது, வசதிக் கட்டணம் மட்டும் இரண்டு தடவை எழுதிக் கேட்ட பிறகு வந்தது. காரணத்தை உள்ளபடி சொல்வதற்கு ஒன்று, அதுவும் அந்த டீக்காக.

வம்புப் படம் ஏதாவது பார்க்க நினைத்து இங்கே போகிறவர்கள் வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கே போய்விடுங்கள். சனிக்கிழமை வாசலில் வேன் நிற்கிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு வேண்டாம். அதையும் விட்டால், உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் அடிக்கடி இருக்கிறது.